இடைக்கால இஸ்லாமிய மட்பாண்டங்களில் தொன்ம உயிரினங்கள்

இடைக்கால இஸ்லாமிய மட்பாண்டங்களில் தொன்ம உயிரினங்கள் என்பவை, ஏறத்தாழ கி.பி. 10-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை எகிப்து, சிரியா, அனத்தோலியா, ஈரான் ஆகிய பகுதிகளில் செய்யப்பட்ட கிண்ணம், தட்டு, கூஜா, சுவர் ஓடு முதலியவற்றில் இடம்பெற்ற கற்பனை விலங்குகளும் பறவைகளும் ஆகும். மனித முகமும் சிங்க உடலும் சிறகும் கொண்ட ஸ்பிங்க்ஸ், பெண் முகம் கொண்ட பறவையான ஹார்ப்பி, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், பாரசீகக் காப்பியத்தின் பெரும் பறவையான சீமுர்க், டிராகன், இருதலைக் கழுகு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

இவ்வுருவங்களைக் காணும் மாணவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. இஸ்லாமியக் கலையில் உயிரினங்களின் படம் எப்படி வந்தது என்பது ஒன்று. இவற்றின் பொருள் என்ன என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை, அவ்வுருவம் எந்தப் பொருளில், எந்த இடத்தில், எவற்றின் நடுவே வரையப்பட்டுள்ளது என்பதில் இருக்கிறது. உருவத்தின் பெயரை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் பெரும்பாலும் தவறாகிவிடும்.

பின்புலம்

குர்ஆன் உருவ வழிபாட்டைக் கண்டிக்கிறது. ஆனால் ஓவியம் வரைவதை நேரடியாகத் தடைசெய்யும் வசனம் அதில் இல்லை. உயிரினங்களின் உருவங்களைப் படைப்போரைக் கண்டிக்கும் செய்திகள் நபிமொழித் தொகுப்புகளில் உள்ளன. அதே தொகுப்புகளில், உருவம் பொறித்த திரைச்சீலை கிழிக்கப்பட்டுத் திண்டாக மாற்றப்பட்டபின் வீட்டில் பயன்பட்டது என்னும் செய்தியும் உள்ளது. இவற்றைக் கொண்டு சட்ட அறிஞர்கள் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தனர். நடைமுறையில், தொழுகைக்குரிய இடங்களில் உயிரின உருவங்கள் பொதுவாகத் தவிர்க்கப்பட்டன. வீடு, அரண்மனை, விருந்துக்கூடம் ஆகியவற்றில் அவை தாராளமாக இடம்பெற்றன.

இந்த வேறுபாட்டை ஒரே கைவினைஞரின் பணியில் காணலாம். ஈரானின் காஷான் நகரைச் சேர்ந்த அபூ ஜைத் என்பவரின் கையொப்பமும் ஆண்டும் கொண்ட பாண்டங்கள் 1186 முதல் 1219 வரை கிடைக்கின்றன. கிண்ணங்களிலும் தட்டுகளிலும் அவர் அவைக்காட்சிகளையும் மனிதர்களையும் வரைந்தார். குவாதிரவீரர்களும் அவர் தூரிகையில் இடம்பெற்றனர் என்று சொல்வதைவிட, அவர் தேர்ந்தெடுத்த இடத்தையே கவனிக்க வேண்டும்: முகம்மது இப்னு அபீ தாஹிருடன் சேர்ந்து கும், மஷ்ஹத் ஆகிய ஊர்களின் அடக்கத் தலங்களுக்கு ஓட்டு வேலை செய்தபோது, எழுத்தும் கொடியும் இலையுமே அவ்வேலையில் மேலோங்கி நின்றன. எங்கே எதை வரையலாம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

ஆயினும் இதை இறுக்கமான விதியாகக் கொள்ளக் கூடாது. ஈரானின் தாம்கான் நகரில் உள்ள இமாம்சாதா ஜாஃபர் என்னும் அடக்கத் தலத்துக்குரிய, 1266–67-ஆம் ஆண்டின் விண்மீன் வடிவ ஓடுகளில் விலங்குகளும் மனிதர்களும் உள்ளனர். நதன்ஸ் ஊரில் அப்துல் சமது அடக்கத் தலத்துக்கு 1308-ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட பட்டை ஓடுகளில் சிறு பறவைகள் உண்டு. அப்பறவைகளில் பலவற்றின் தலைகள் பிற்காலத்தில் கொத்தி எடுக்கப்பட்டன. ஒரு தலைமுறை ஏற்றுக்கொண்டதை இன்னொரு தலைமுறை ஏற்கவில்லை என்பதற்கு அந்த ஓடுகளே சான்று.

பாண்ட வகைகளும் செய்முறையும்

இத்தகைய உருவங்கள் எல்லா வகைப் பாண்டங்களிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. பின்வரும் வகைகளில் அவை மிகுதி.

மிளிர்வுப் பாண்டம்: ஒருமுறை மெருகேற்றிச் சுட்ட பாண்டத்தின் மேல் வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களைக் காவிமண்ணுடன் குழைத்து வரைவர். பின்னர், காற்றுக் குறைந்த, புகை நிறைந்த சூளையில் மென்மையான வெப்பத்தில் மீண்டும் சுடுவர். மெருகின்மேல் உலோகம் மெல்லிய படலமாகப் படியும். மண்ணைத் துடைத்தெடுத்ததும் பொன்போன்ற ஒளி தோன்றும். 9-ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் மட்பாண்டங்களுக்கு வந்த இம்முறை, பாத்திமியர் ஆட்சியில் (969–1171) எகிப்தில் சிறந்தது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஷான் அதன் பெரிய மையமாயிற்று.

மினாய் பாண்டம்: மினா என்னும் பாரசீகச் சொல் எனாமலைக் குறிக்கும். மெருகின் மேல் பல வண்ண எனாமல்களால் நுண்ணிய ஓவியம் தீட்டி மீண்டும் சுடுவது இம்முறை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானில் சிறிது காலமே இது செழித்தது.

லாஜ்வர்தினா: நீல மெருகின் மேல் வெள்ளை, சிவப்பு எனாமலும் பொன்தகடும் இட்டுச் செய்வது. மினாய்க்குப் பின் மங்கோலியர் காலத்தில் வழங்கியது. நீலமணிக் கல்லைக் குறிக்கும் லாஜ்வர்த் என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

இந்த நுண்வேலைக்கு இடமளித்தது புதிய மண்கலவையே ஆகும். காஷான் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301-இல் எழுதிய நூலில் அதன் அளவைத் தருகிறார். படிகக்கல் மாவு 10 பங்கு, அரைத்த கண்ணாடி 1 பங்கு, நல்ல வெண்களிமண் 1 பங்கு என்பதே அக்கலவை. வெண்மையும் உறுதியும் கொண்ட இப்பாண்டத்தை மெல்லியதாகச் செய்யலாம், துளையிட்டும் செதுக்கலாம். சீனப் பீங்கானுக்கு ஈடாக ஒன்றைச் செய்யும் முயற்சியும் இதன் பின்னணியில் இருந்தது.

முதன்மையான உயிரினங்கள்

ஸ்பிங்க்ஸ்: இன்றைய அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் இந்தப் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கிரேக்கக் கதையின் ஸ்பிங்க்ஸ் புதிர் போட்டு, விடை சொல்லாதவரைக் கொல்லும். எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிறகின்றிப் படுத்திருக்கும் அரச உருவம். ஈரானியக் கிண்ணத்தில் காணும் ஸ்பிங்க்ஸ் இவ்விரண்டும் அன்று. அதற்குச் சிறகுண்டு. பல நேரங்களில் தலையில் முடி சூடியிருக்கும். கிண்ணத்தின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு ஓடும். புதிரும் இல்லை, கொலையும் இல்லை.

ஹார்ப்பி: இதுவும் கிரேக்கப் பெயரே. கிரேக்கத் தொன்மத்தில் ஹார்ப்பி உணவைப் பறித்துச் செல்லும் கொடிய பறவைப்பெண். இஸ்லாமியப் பாண்டங்களிலோ பறவைப்பெண் அழகிய முகத்துடன், கொடிகளுக்கு நடுவே அமைதியாக நிற்கிறாள். சில நூல்கள் இவ்வுருவத்தை சைரன் என்றும் குறிக்கின்றன. இரு பெயர்களும் பிற்கால ஆய்வாளர் சூட்டியவை. ஸ்பிங்க்ஸ், ஹார்ப்பி இரண்டையும் பற்றி ஈவா பேர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு நூல், இவற்றை நற்பேறு, வானுலகம், ஒளி ஆகியவற்றுடன் தொடர்புபடுத்துகிறது.

கிரிஃபின்: பண்டைய மேற்காசியாவிலிருந்து தொடர்ந்து வரும் உருவம். எகிப்தின் பாத்திமிய மிளிர்வுப் பாண்டங்களில் தனித்து நிற்கும் பெரிய உருவமாக இதைக் காணலாம். காவலும் வலிமையும் இதன் இயல்பாகக் கருதப்பட்டன. இத்தாலியின் பீசா பேராலயத்தின் கூரைமேல் 1828 வரை நின்ற வெண்கலக் கிரிஃபினும் இஸ்லாமிய உலகில் வார்க்கப்பட்டதே. இவ்வுருவம் மண், உலோகம், துணி என ஊடகம் மாறி மாறிப் பயணம் செய்தது.

சீமுர்க்: பிர்தௌசி 1010-இல் முடித்த ஷாநாமா காப்பியத்தில் வரும் பறவை. வெண்முடியுடன் பிறந்ததால் தந்தையால் மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட சால் என்னும் குழந்தையை எடுத்து வளர்த்தது இதுவே. பிரியும்போது தன் இறகைத் தந்து, துன்பம் வரும்போது அதை எரித்தால் வருவேன் என்று வாக்களித்தது. சாலின் மகன் ருஸ்தம் பிறந்தபோது தாயையும் சேயையும் காத்ததும் இப்பறவையின் அறிவுரையே. சூஃபிக் கவிஞர் அத்தாரின் நூலில் சீமுர்க்கைத் தேடிச் செல்லும் பறவைகளுள் எஞ்சிய முப்பதும், தாமே சீமுர்க் என உணர்கின்றன. பாரசீகத்தில் ‘சீ முர்க்’ என்றால் முப்பது பறவைகள் என்று பொருள்.

டிராகன்: பாரசீகத்தில் அஷ்தஹா எனப்படும். காப்பியத்தில் இது வீரர்கள் கொல்ல வேண்டிய பகை. அரண்மனைச் சுவரிலும் கோட்டை வாயிலிலும் இது காவல் உருவம். வானநூலில் இதற்கு மூன்றாவது பொருளும் உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

இருதலைக் கழுகு: அனத்தோலியாவின் செல்ஜூக் சுல்தான்கள் காலத்தில் பரவலாக வழங்கியது. பெரும்பாலும் ஆட்சி அதிகாரத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

மூன்று சான்றுகள்

மேசி கூஜா: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இக்கூஜா, ஹிஜ்ரி 612, அதாவது கி.பி. 1215–16 என்னும் ஆண்டைத் தன்மேல் கொண்டது. காஷானில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. இது இரட்டைச் சுவர் கொண்டது. உட்சுவர் நீரையோ மதுவையோ தாங்கும். வெளிச்சுவர் சல்லடைபோல் குடைந்தெடுக்கப்பட்டுள்ளது. குடைந்து மீந்த பகுதிகளே கொடிகளாகவும், அக்கொடிகளுக்கிடையே ஸ்பிங்க்ஸ், ஹார்ப்பி, நான்குகால் விலங்குகள் ஆகியவையாகவும் நிற்கின்றன. எல்லாவற்றின் மேலும் நீலப்பச்சை மெருகு. பாரசீகக் கவிதை வரிகளும் இதில் எழுதப்பட்டுள்ளன. கவிதையும் பானமும் கலந்த விருந்தில் கையில் எடுக்கும் பொருள் இது. இங்குள்ள ஸ்பிங்க்ஸையும் ஹார்ப்பியையும் அச்சுறுத்தும் உருவங்களாகக் கொள்ள இடமில்லை. செழித்த தோட்டத்தில் வாழும் நற்பேற்றின் உயிர்களாகக் கொள்வதே பொருந்தும்.

குபாதாபாத் அரண்மனை: ரூம் செல்ஜூக் சுல்தான் முதலாம் அலாவுத்தீன் கைகுபாத் 1236-ஆம் ஆண்டளவில் இன்றைய துருக்கியில் பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் கட்டிய அரண்மனை இது. 1949-இல் இதன் இடம் அடையாளம் காணப்பட்டு, பின்னர் அகழாய்வுகள் நடந்தன. எட்டுமுனை விண்மீன் ஓடுகளும் அவற்றை இணைக்கும் சிலுவை வடிவ ஓடுகளும் சுவர்களை மூடியிருந்தன. விண்மீன் ஓடுகளில் ஸ்பிங்க்ஸ், பறவைப்பெண், டிராகன், இருதலைக் கழுகு ஆகியவை வேட்டை விலங்குகளுடனும் அவையினருடனும் கலந்து நிற்கின்றன. சில கழுகுகளின் மார்பில் ‘அஸ்-சுல்தான்’ என்று எழுதப்பட்டுள்ளது. அக்கழுகு யாருக்குரியது என்பதை ஓடே சொல்லிவிடுகிறது. இவ்வோடுகளில் பலவற்றைக் கோன்யா நகரின் கராத்தாய் மதரசா அருங்காட்சியகத்தில் காணலாம்.

தக்த்-இ சுலைமான்: ஈரானின் வடமேற்கில் உள்ள இவ்விடம், இஸ்லாமுக்கு முந்தைய சாசானிய அரசர்களின் பெரிய நெருப்புக் கோயில் இருந்த இடம். மங்கோலிய இல்கானிய ஆட்சியாளர் அபாகா (ஆட்சி 1265–1282) அவ்விடிபாடுகளின் மேல் 1270-களில் தம் கோடைக்கால அரண்மனையைக் கட்டினார். அதன் சுவர்களில் மிளிர்வு, லாஜ்வர்தினா ஓடுகள் பதிக்கப்பட்டன. ஷாநாமா வரிகள் சில ஓடுகளில் உள்ளன. வேறு சிலவற்றில் டிராகனும் நீண்ட வால் இறகுகளைப் பறக்கவிடும் பறவையும் உள்ளன.

இப்பறவை சீமுர்க்கின் வரலாற்றில் ஒரு திருப்பம். சாசானியர் காலத்து வெள்ளிப் பாத்திரங்களிலும் பட்டுத் துணிகளிலும் நாய்த்தலையும் மயில்வாலும் கொண்ட சிறகுள்ள விலங்கு ஒன்று உண்டு. அதைச் சீமுர்க்கின் பழைய உருவம் எனப் பலர் கூறுவர், அதை ஏற்காத ஆய்வாளரும் உளர். தக்த்-இ சுலைமானில் வரும் பறவையோ சீனாவின் ஃபெங்ஹுவாங் பறவையின் சாயலுடையது. மங்கோலியர் ஆட்சியில் சீனாவும் ஈரானும் ஒரே குடும்பத்தின் ஆளுகையில் இருந்ததால், சீனத் துணிகளும் பொருள்களும் ஈரானுக்கு எளிதில் வந்தன. டிராகனும் இந்தப் பறவையும் சீன அரசவையின் சின்னங்கள். ஈரானியக் குயவர் அவற்றை வரைந்தனர். ஈரானிய மக்கள் அப்பறவையில் தங்கள் சீமுர்க்கைக் கண்டனர். பெயர் பழையதாகவே இருக்க, உருவம் புதிதாயிற்று. பிற்காலப் பாரசீக ஓவியங்களில் நாம் காணும் சீமுர்க் இந்தப் புதிய வடிவமே.

இன்னொன்றும் கருதத்தக்கது. அபாகா முஸ்லிம் அல்லர். இல்கானிய ஆட்சியாளர்கள் நிலையாக இஸ்லாமைத் தழுவியது கசன் காலத்தில், 1295-இல்தான். ஆகவே ‘இஸ்லாமிய மட்பாண்டம்’ என்னும் தொடர் ஒரு பண்பாட்டுப் பரப்பைக் குறிக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு உருவமும் சமயக் கருத்தைச் சொல்வதாக எண்ணக் கூடாது.

வானநூல் தொடர்பு

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மினாய் கிண்ணத்தின் நடுவில் ஞாயிறும், அதைச் சுற்றித் திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகியவையும் மனித வடிவில் வரையப்பட்டுள்ளன. உண்ணும் கிண்ணமே வானத்தின் சிறு படமாகிறது. வேறு கிண்ணங்களில் கதிர்முகம் ஒன்றைச் சுற்றி ஸ்பிங்க்ஸுகள் ஓடும்போது, அவையும் வானச் சுழற்சியைக் குறிப்பன என்று பொருள் கொள்வதற்கு இதுவே அடிப்படை.

டிராகனின் மூன்றாவது பொருளும் இங்கேதான் வருகிறது. திங்களின் பாதை ஞாயிற்றின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளை அரபு வானநூலார் ஒரு டிராகனின் தலையாகவும் வாலாகவும் கொண்டனர். கிரகணம் அப்புள்ளிகளின் அருகே நிகழும். இந்த டிராகனுக்கு ஜவ்ஸஹர் என்று பெயர். நாம் ராகு, கேது என்று சொல்லும் கருத்துடன் இது நெருங்கிய உறவுடையது. இந்திய வானநூல் அரபு மொழிக்குச் சென்ற வழியும் நாம் அறிந்ததே. தனுசு ராசியின் வில்வீரன் திரும்பி, டிராகன் தலையாக முடியும் தன் வாலின்மீதே அம்பெய்யும் காட்சி, இக்கருத்திலிருந்து பிறந்தது. அது உலோகப் பாத்திரங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. அக்கால மக்கள் அதே வானநூல் அறிவுடன்தான் மட்பாண்டங்களையும் பார்த்தனர்.

‘தொன்மம்’ என்னும் சொல்லைப் பற்றி

சீமுர்க்கும் கிரிஃபினும் கற்பனை என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். 13-ஆம் நூற்றாண்டு வாசகர் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. சகரிய்யா அல்-கஸ்வீனி (இறப்பு 1283) எழுதிய ‘படைப்பின் வியப்புகள்’ பற்றிய நூல், விண்மீன்கள், யானை, அன்கா என்னும் மாயப்பறவை ஆகிய யாவற்றையும் ஒரே வரிசையில் விளக்குகிறது. தொலைநாட்டுக் காண்டாமிருகமும் அவர்களுக்கு வியப்பே, அன்காவும் வியப்பே. படைப்பின் வியப்பைக் கண்டு படைத்தவனை நினைப்பது அந்நூலின் நோக்கம். ஒரு கிண்ணத்தின் விளிம்பில் முயல், மான் ஆகியவற்றுடன் ஸ்பிங்க்ஸும் இயல்பாகச் சேர்ந்து ஓடுவதன் காரணம் இப்போது விளங்கும்.

சான்றுகளின் நம்பகம்

மேற்கூறிய பொருள்கள் எல்லாம் பாண்டத்தில் உள்ள படம் உண்மையானது என்னும் நம்பிக்கையின் மேல் நிற்பவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் ரெய், சிரியாவின் ரக்கா போன்ற பழைய நகரங்கள் விற்பனைக்காகத் தோண்டப்பட்டன. எந்த அறையில், எந்த அடுக்கில், எதனுடன் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமலே பாண்டங்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. உடைந்த துண்டுகளை ஒட்டி, இல்லாத பகுதிகளை வேறு பாண்டத்தின் துண்டுகளால் நிரப்பி, அதன்மேல் புதிய வண்ணம் தீட்டி விற்பதும் நடந்தது. மினாய் பாண்டங்களில் இத்தகைய திருத்தம் மிகுதி. புற ஊதாக் கதிர், எக்ஸ்-கதிர் ஆகியவற்றால் ஆராயும்போது, ஒரு முகமோ சிறகோ 20-ஆம் நூற்றாண்டுத் தூரிகையின் வேலை எனத் தெரியவருவதுண்டு.

அகழாய்வில் முறையாக எடுக்கப்பட்ட குபாதாபாத், தக்த்-இ சுலைமான் ஓடுகளின் மதிப்பு இதனால்தான் உயர்கிறது. அவை எந்த அரசருக்கு, எந்தச் சுவருக்குச் செய்யப்பட்டன என்பது தெரியும். சந்தை வழியாக வந்த கிண்ணம் அழகில் அவற்றை விஞ்சலாம். ஆனால் அது தன் ஊரையும் வீட்டையும் இழந்த பொருள். அதன் ஸ்பிங்க்ஸ் என்ன சொன்னது என்பதில் ஒரு பகுதி, தோண்டியவர் கைவிட்ட மண்ணோடு போய்விட்டது.

மாணவர்களுக்கு

இவ்வகைப் பாண்டம் ஒன்றின் படத்தைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

1. இது கையில் எடுக்கும் பாண்டமா, சுவரில் பதித்த ஓடா? ஓடாயின், அரண்மனைக்குரியதா, அடக்கத் தலத்துக்குரியதா?

2. உருவம் நடுவில் உள்ளதா, விளிம்பில் உள்ளதா? தனித்து நிற்கிறதா, வரிசையில் ஓடுகிறதா?

3. அதனுடன் ஞாயிறு, அரசர், கொடி, எழுத்து ஆகியவற்றுள் எது உள்ளது?

4. பாண்டம் எங்கே, எப்படிக் கிடைத்தது? எந்தப் பகுதி பழையது, எந்தப் பகுதி திருத்தப்பட்டது?

இந்நான்கிற்கும் விடை கண்ட பிறகே ஸ்பிங்க்ஸ், ஹார்ப்பி என்னும் பெயர்ப்பலகையைப் படிப்பது நல்லது. பெயர் நாம் இட்டது. இடமும் துணையும் அந்தக் குயவர் தேர்ந்தெடுத்தவை. அவர் சொல்ல வந்ததை அறிய அவையே நமக்குள்ள நேரான வழி.